ஃபேன் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்: ஆஃப் ரோடு வண்டிக்குச் சரியான அளவு கூலிங் ஃபேன்

மணல் மேட்டில் ஃபோர் லோ (நான்கு சக்கரமும் இழுக்கும் மெது கியர்) போட்டு இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தேன். ஏறத் தொடங்கி இருபது நிமிடம் இருக்கும். டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு நகர்ந்தது. ஏசியை அணைத்தேன், ஹீட்டரை முழுக்கத் திறந்தேன். முள் நிற்கவில்லை. மேட்டின் பாதியில் வண்டியை நிறுத்தி பானெட்டைத் தூக்கினால், நான் இரண்டு வாரம் முன்பு மாட்டிய 16 இன்ச் புது எலக்ட்ரிக் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மோட்டாரில் பழுதில்லை, ரிலேயில் பழுதில்லை. ஆனாலும் இன்ஜின் கொதிக்கிறது.

அந்த ஃபேனை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்றால், ரேடியேட்டரின் உயரத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டம் எது என்று பார்த்து வாங்கினேன். அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் வாங்குகிறார்கள். ஃபேனின் அளவு என்பது இறக்கையின் விட்டம் மட்டுமல்ல. வண்டி நின்ற இடத்தில் நிற்கும்போது உங்கள் ரேடியேட்டரின் மொத்தப் பரப்பு வழியாகவும் எவ்வளவு காற்றை அது இழுக்கிறது என்பதுதான் அதன் அளவு. இதை நான் புரிந்துகொள்ள ஒரு முழுக் கோடைக்காலம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

குற்றம் ஃபேனுடையதுதானா

முதலில் இதை உறுதிசெய்யுங்கள். நெடுஞ்சாலையில் 80, 90-இல் ஓடும்போது சூடேறுகிறது, ஊர்ந்து போகும்போது சரியாக இருக்கிறது என்றால் ஃபேனைத் தொடாதீர்கள். அந்த வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஃபேனுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், சரியாக ஓடவில்லை, ரேடியேட்டருக்குள் அடைப்பு, அந்தத் திரவத்துக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கவில்லை என்று தேட வேண்டும். மாறாக, சாலையில் சரியாக இருந்து, மேடு, மணல், சேறு, பாறை என்று மெதுவாகப் போகும்போது மட்டும் ஏறுகிறது என்றால் காற்று போதவில்லை என்று பொருள்.

அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டரின் முகத்தை. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு விரல் அகல இடைவெளி இருக்கும். சேற்றில் ஓட்டியவர்களின் வண்டியில் அந்த இடைவெளியில் காய்ந்த மண்ணும் புல்விதையும் மெத்தை மாதிரிப் படிந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். பின்னால் இருப்பது தெரியாது. டார்ச்சை இன்ஜின் பக்கம் பிடித்து முன்னால் இருந்து பாருங்கள். வெளிச்சம் தெரியாத இடத்தில் காற்றும் போகாது. இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், தகடுகள் மடங்கிவிடும்.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். 1 பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காமல் விட்டுவிடும். இதையெல்லாம் சரிபார்த்த பிறகும் சூடேறினால் டேப்பைக் கையில் எடுங்கள்.

எதை எதை அளக்க வேண்டும்

ரேடியேட்டரின் வெளிச்சட்டத்தை அளக்காதீர்கள். பக்கத் தொட்டிகளை விட்டுவிட்டு, தகடுகள் இருக்கும் பகுதியை மட்டும் அளங்கள். என் வண்டியில் அது 600 மி.மீ. அகலம், 450 மி.மீ. உயரம். பரப்பு 2,700 சதுர சென்டிமீட்டர். 16 இன்ச் என்பது ஏறக்குறைய 406 மி.மீ.; அந்த வட்டத்தின் பரப்பு 1,300 சதுர சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் மோட்டார் மறைக்கும் 150 மி.மீ. வட்டத்தைக் கழித்தால் 1,120 தான் மிஞ்சும். அதாவது நான் ஃபேனை நேராக ரேடியேட்டர் மேல் ஒட்டி மாட்டியதில், பத்தில் ஆறு பங்குத் தகடுகளுக்கு எதிரே இழுக்க ஆளே இல்லை.

ஒன்றுக்குப் பதில் இரண்டாக மாட்டினால் தீருமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு 12 இன்ச் ஃபேன்களைப் பக்கம்பக்கமாக வைக்க இறக்கைக்கு மட்டுமே 610 மி.மீ. வேண்டும், சட்டம் தனி. என் 600-இல் அடங்காது. 11 இன்ச் இரண்டு அடங்கும். ஆனால் இரண்டின் வட்டங்களையும் கூட்டினால் 1,226 சதுர சென்டிமீட்டர்தான் வருகிறது, ஒற்றை 16 இன்ச்சை விடக் குறைவு. ‘ரெட்டை ஃபேன் எப்போதும் மேல்’ என்று கேள்விப்பட்டால் நம்பி வாங்கிவிடாதீர்கள். அகலம் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு இருக்கும் ரேடியேட்டருக்கு ரெட்டை பொருந்தும். சதுரத்தை ஒட்டிய ரேடியேட்டருக்கு ஒற்றைதான் நல்லது.

அடுத்து ஆழம். ரேடியேட்டரின் பின்முகத்திலிருந்து, இன்ஜின் பக்கம் முதலில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் வரை அளங்கள். பெரும்பாலும் அது வாட்டர் பம்ப் புல்லியின் மூக்காக இருக்கும். எலக்ட்ரிக் ஃபேன்கள் 65 முதல் 100 மி.மீ. வரை தடிமன் கொண்டவை, மோட்டார் இருக்கும் நடுப்பகுதிதான் மிகத் தடிமன். ஆஃப் ரோடில் இன்ஜின் தன் மவுண்டிங்கில் முன்னும் பின்னும் ஆடும். குழியில் விழுந்து எழும்போது இன்னும் அதிகமாக ஆடும். ஆகவே 25 மி.மீ. இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். புல்லி நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருந்தால், ஃபேனின் மோட்டார் அதற்கு நேர் எதிரே வராதபடி சற்றுத் தள்ளி மாட்டினால் கொஞ்சம் இடம் கிடைக்கும். அளவை எழுதி வைத்துக்கொண்டு, அட்டையில் ஃபேனின் வட்டத்தை வெட்டி உள்ளே வைத்துப் பாருங்கள். மேல் ஹோஸ் இடிக்கிறதா, பெல்ட் உரசுகிறதா என்று அந்த அட்டை சொல்லிவிடும்.

எவ்வளவு காற்று வேண்டும்

இங்கேதான் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கும், ஒரு பங்கு புகைக்குழாய்க்கும், ஒரு பங்கு கூலண்டுக்கும் போகிறது என்பது பழைய கணக்கு. துல்லியமில்லை, ஆனால் ஃபேன் வாங்கப் போதும். மணல் மேட்டில் என் டீசல் இன்ஜின் விடாமல் 40 குதிரைத்திறன், அதாவது 30 கிலோவாட் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ அதே அளவு சூட்டை ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டும்.

40 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.1 கிலோ. ரேடியேட்டருக்குள் நுழைந்து வெளியேறும்போது அது 25 டிகிரி சூடேறினால் சுமார் 28 கிலோஜூல் வெப்பத்தைச் சுமந்துகொண்டு போகும். நொடிக்கு ஒரு கன மீட்டர் காற்று போனால் 28 கிலோவாட். ஃபேன் பெட்டிகளில் போடும் சி.எஃப்.எம். கணக்கில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்ற கணக்கில், அது 2,120. ஆக எனக்கு வேண்டியது 2,100-லிருந்து 2,300 வரை.

என் ஃபேனின் பெட்டியில் 2,500 என்று போட்டிருந்தது. பிறகு ஏன் கொதித்தது? அந்த 2,500, எதிரே எந்தத் தடையும் இல்லாமல் வெட்டவெளியில் சுற்றும்போது கிடைத்த அளவு. வண்டியில் அதே ஃபேன் கண்டென்சர், ரேடியேட்டர், சில வண்டிகளில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் என்று இரண்டு மூன்று அடுக்குத் தகடுகள் வழியாக உறிஞ்ச வேண்டும். காற்றில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு அங்கேயே குறைந்துவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் அழுத்தத்துக்கு எதிரே காற்றளவு எப்படி இறங்குகிறது என்று ஒரு வளைகோடு வெளியிடுவார்கள். தடையில்லாத முனையில் உள்ள எண்ணைப் பார்க்காமல், 100 முதல் 125 பாஸ்கல் அழுத்தத்துக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். சில படங்களில் இதை அரை அங்குல நீர் என்று குறிப்பார்கள், அதுவும் 125 பாஸ்கல்தான். வளைகோடே இல்லாத ஃபேனை நான் இப்போது வாங்குவதில்லை. தட்டையான மெல்லிய ஃபேன்கள் வெட்டவெளியில் நன்றாக ஊதும், அடர்த்தியான ரேடியேட்டருக்குப் பின்னால் திணறிப்போகும்.

உயரமான மலைகளுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குதான். ஃபேன் அதே கன அளவைத்தான் இழுக்கும், ஆனால் அதன் எடை குறைந்திருப்பதால் சுமக்கும் சூடும் குறையும். அங்கே காற்று குளிர்ந்திருப்பது ஓரளவு ஈடுகட்டும்.

ஷ்ரவுட்

கொதித்த வண்டியை ஆறவைத்து ஓட்டிக்கொண்டு போய், எனக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவரிடம் நிறுத்தினேன். “அண்ணே, இதைவிடப் பெரிய ஃபேன் போடணுமா?” என்று கேட்டேன். அவர் ஃபேனைப் பார்க்கவே இல்லை. மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். “தம்பி, இன்ஜினை ஐடிலில் விடு, ஃபேனை ஆன் பண்ணு” என்றார்.

கிரில் முன்னால், ஃபேனின் வட்டத்துக்கு நேராகத் தாளைப் பிடித்துக் கையை எடுத்தார். தாள் சப்பென்று ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அப்படியே நாலு விரற்கடை இடது மூலைக்கு நகர்த்திக் கையை எடுத்தார். தாள் வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்தார், வலது மேல் மூலை. அங்கேயும் விழுந்தது. “இந்த மூலைக்கெல்லாம் சுடுதண்ணி வருது, காத்து வரல. இதைவிடப் பெரிய ஃபேன் வாங்கினாலும் மூலை மூலைதான்” என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

ரேடியேட்டர் செவ்வகம், ஃபேன் வட்டம். இரண்டையும் இணைக்கும் கூண்டுதான் ஷ்ரவுட். அது ரேடியேட்டரின் தகட்டுப் பரப்பு முழுவதையும் மூடி, காற்று வேறு எங்கிருந்தும் நுழையாமல் வட்டம் வழியாக மட்டும் போக வைக்கும். நான் செய்தது அலுமினியத் தகட்டில், ரேடியேட்டர் முகத்திலிருந்து 50 மி.மீ. ஆழம் விட்டு. அந்த ஆழம் முக்கியம். ஃபேன் தகடுகளோடு ஒட்டியே இருந்தால், ஷ்ரவுட் இருந்தும் மூலைகளில் இழுப்பு வராது. காற்று பக்கவாட்டில் ஓடிவர இடம் வேண்டும். ஓரங்களில் ரப்பர் பட்டை ஒட்டி இடுக்குகளை அடைத்தேன். ஃபேன் மாற்றவில்லை; அதே 16 இன்ச்தான். தாள் நான்கு மூலையிலும் ஒட்டியது.

முழுதாக மூடும் ஷ்ரவுட்டில் ஒரு குறை உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் எதிர்க்காற்று அந்த வட்டம் வழியாக மட்டுமே வெளியேற முடியும், நெரிசலாகும். அதற்காக ஷ்ரவுட்டின் மூலைகளில் ரப்பர் மடிப்புகள் வைப்பார்கள். வேகத்தில் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கும், மெதுவாகப் போகும்போது ஃபேனின் இழுப்பில் தானே மூடிக்கொள்ளும். நான் நான்கு வைத்தேன்.

பெல்ட்டில் ஓடும் ஃபேன் இருந்தால்

உங்கள் வண்டியில் பழைய மெக்கானிக்கல் ஃபேன் நன்றாக இருந்தால், அதை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் போடாதீர்கள் என்பதே என் கருத்து. அது இழுக்கும் காற்றை ஈடுகட்ட ஒரு நல்ல எலக்ட்ரிக் ஃபேன் திணறும். பாரம் இழுக்கிற டீசல் வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். நான் மாற்றியதற்குக் காரணம், சூட்டுக்கு ஏற்ப ஃபேனை இன்ஜினோடு இணைக்கும் ஃபேன் கிளட்ச் போய்விட்டது, அதற்குப் பொருத்தமானது கிடைக்கவில்லை.

கிளட்ச்சைச் சோதிப்பது எளிது. இன்ஜின் அணைந்து குளிர்ந்திருக்கும்போது இறக்கையைக் கையால் சுற்றிவிடுங்கள். லேசான தடையோடு நிற்க வேண்டும். தானாக மூன்று நான்கு சுற்று ஓடினால் உள்ளே இருந்த சிலிக்கான் எண்ணெய் போய்விட்டது. நடு உருளையில் எண்ணெய்க் கசிவு கோடுகளாகத் தெரியும். சூடான இன்ஜினை அணைத்ததும் சுற்றினால் தடை கூடியிருக்க வேண்டும். இந்தச் சோதனையில் தோற்றால் ஃபேன் சின்னது என்று நினைக்காதீர்கள், கிளட்ச்தான் காரணம்.

மாற்றிப் போடுவதாக இருந்தால் விட்டம், நடுத் துளையின் அளவு, போல்ட் வட்டம், சுற்றும் திசை நான்கும் பொருந்த வேண்டும். கிளட்ச் வாட்டர் பம்ப்பில் திருகப்படும் வகை என்றால் மரை இடம் சுற்றா வலம் சுற்றா என்று பாருங்கள். விட்டத்தை ஆசைப்பட்டுக் கூட்டாதீர்கள். ஃபேனின் காற்றளவு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், அதைச் சுற்ற வேண்டிய சக்தி ஐந்து மடிப் பெருக்கத்தில் ஏறும். 18 இன்ச்சிலிருந்து 20-க்குப் போனால் காற்று 37 சதவீதம் கூடும், இன்ஜினிலிருந்து அது திருடும் சக்தி 69 சதவீதம் கூடும். அந்தப் பாரம் முழுவதும் வாட்டர் பம்ப் பேரிங் மேல்தான். இறக்கை நுனிக்கும் ஷ்ரவுட்டுக்கும் நடுவே 15 முதல் 25 மி.மீ. விடுங்கள், இன்ஜின் ஆடினால் உரசக்கூடாது. இறக்கையின் அகலத்தில் பாதி ஷ்ரவுட்டுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும்.

மின்சாரம்

எலக்ட்ரிக் ஃபேன் என்றால் ஆம்பியரும் அளவில் சேர்ந்ததே. ஒரு வலுவான 16 இன்ச் ஃபேன் 25 ஆம்பியர் வரை எடுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. பாறைப் பாதையில் ஊரும்போது இன்ஜின் ஐடிலுக்குச் சற்று மேல்தான் சுற்றும். அந்தச் சுற்றில், மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டர்கள் பல தங்கள் முழு அளவில் பாதியைக் கூடத் தராது. லைட், ஏசி ப்ளோயர், ஃபேன் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் பேட்டரி இறங்கும், மின்னழுத்தம் இறங்கும், ஃபேனின் சுற்றும் அதனோடு இறங்கும்.

வயரிலும் இதே இழப்பு உண்டு. போக 2 மீட்டர், வர 2 மீட்டர் நீளத்துக்கு 2.5 சதுர மி.மீ. வயர் போட்டால் 25 ஆம்பியரில் முக்கால் வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும். 6 சதுர மி.மீ. போட்டால் அதில் பாதிக்கும் குறைவு. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வழியாக நேராகக் கொடுங்கள். மாட்டியதும் சுற்றும் திசையைப் பாருங்கள். ப்ளஸ், மைனஸ் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், கொஞ்சம் காற்றும் வரும், அதனால் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஃபேன் எந்தச் சூட்டில் கிளம்ப வேண்டும்? தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கிறது என்றால் ஃபேன் 93 வாக்கில் ஓடத் தொடங்கி 87-இல் நின்றால் நல்லது. நிற்கும் சூட்டைத் தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்குக் கீழே வைத்துவிட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது.

ஃபேனை ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்டிக் பட்டை விட்டுக் கட்டும் முறை ஒன்று உண்டு. குலுங்கும் வண்டியில் அது வேண்டாம். பட்டை குழாய்களை அரித்து ஓட்டையாக்கிவிடும். சட்டத்திலோ ஷ்ரவுட்டிலோ போல்ட் போட்டு நிறுத்துங்கள். முடிந்தவரை ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்கும் ஃபேனாக வாங்குங்கள். முன்னால் நின்று தள்ளுவது எதிர்க்காற்றையும் மறைக்கும், சேற்றையும் முதலில் வாங்கும்.

தண்ணீரைக் கடக்கிறவர்கள் ஃபேனுக்குத் தனியாக ஒரு ஆஃப் சுவிட்ச் வைத்தே ஆக வேண்டும். சுற்றும் இறக்கை தண்ணீரில் இறங்கினால் படகின் இறக்கை மாதிரி முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும். பெல்ட்டில் ஓடும் ஃபேனும் இதையே செய்யும். அதற்கு கிரில் முன்னால் கனமான தார்ப்பாயைக் கட்டி, நிதானமான ஒரே வேகத்தில் கடந்து, கரையேறியதும் உடனே அவிழ்க்க வேண்டும். எலக்ட்ரிக் மோட்டார் சூடாக இருக்கும்போது மூழ்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆற்றுக்கு முன்னால் ஃபேனை நிறுத்தி சில நிமிடம் ஆறவிடுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு சாலையில் சோதிப்பது சோதனையே அல்ல. பாதுகாப்பான ஒரு நீண்ட மேட்டில், ஃபோர் லோவில், ஏசி ஓட, அரை மணி நேரம் ஏறிப் பாருங்கள். நான் அதே மணல் மேட்டுக்கு, ஏறக்குறைய அதே வெயிலில், திரும்பிப் போனேன். முள் நடுவைத் தாண்டி ஒரு கோடு ஏறியது, ஃபேன் கிளம்பியது. பதினைந்தாவது நிமிடத்தில் அந்தச் சத்தம் நின்றது. முதலில் பழுதோ என்று பதறி டாஷ்போர்டைப் பார்த்தேன். முள் நடுவில் நின்றிருந்தது. ஃபேன் தன் வேலையை முடித்துத் தானாக அணைந்திருந்தது. மேட்டின் உச்சி வரை அது ஓடுவதும் நிற்பதுமாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் ஷ்ரவுட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எட்டில் இரண்டு தளர்ந்திருந்தன. நைலான் நட் போட்டு இறுக்கினேன்.